சேர்க்கும் தலையும் வெட்டும் தலையும் ஒரே மெஷினில்: ராமநாதபுரம் கடற்கரைப் பட்டறைகளுக்குக் கட்டுபடியாகுமா?

மண்டபம்_லேத்:
ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று விசைப்படகு வேலை பார்க்கிற பட்டறைகளில் ஹைப்ரிட் மெஷின் பற்றிய பேச்சு அதிகமாகிவிட்டது. உலோகத்தை அடுக்கடுக்காக ஏற்றுவதும், ஏற்றியதை அதே மேடையில் மில்லிங் செய்வதும் (சுழலும் கட்டரால் வெட்டுவது) ஒரே மெஷினில் நடக்கும். இந்தப் பக்கம் வரும் ஜாப்கள் இவைதான்: ஸ்டெர்ன் புஷ் (படகின் பின்புறம் ஷாஃப்டைத் தாங்கும் உருளை) உட்காரும் இடத்தில் தேய்ந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், விளிம்பு அரித்துப்போன ப்ரொப்பல்லர் இதழ், கடல்நீர் பம்ப் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்), வாலிநோக்கம் உப்பளங்களில் உப்புநீர் இறைக்கும் பம்பின் ஷாஃப்ட்.

இவற்றுக்கு முழு ஹைப்ரிட் மெஷின் தேவையா? இருக்கிற விஎம்சி-யிலோ (கணினி ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்) லேத்திலோ (கடைசல் மெஷின்) ஏற்றும் தலையை மட்டும் மாட்டினால் போதுமா? இந்த உப்புக் காற்றில் லேசர் தாங்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

அடுக்கும்_வெட்டும்:
ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாதிகள் விற்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பவுடர் படுக்கை வகை. மெல்லிய பவுடர் அடுக்கை லேசர் உருக்கும். சில அடுக்குக்கு ஒருமுறை சிறிய பால் எண்ட் மில் (உருண்டை முனைக் கட்டர்) வந்து சுவரை வெட்டும். ஜப்பானின் மட்சூரா நிறுவனம் லூமெக்ஸ் என்ற பெயரில் 2000-களின் தொடக்கத்திலேயே இதைக் கொண்டுவந்தது. ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் அச்சு) நிமிடத்துக்கு 45,000 சுற்று. பிளாஸ்டிக் மோல்டுக்குள் வளைந்து போகும் கூலிங் பாதை செய்யத்தான் இது பிறந்தது. வெறும் தட்டிலிருந்து புதிதாகக் கட்டும் மெஷின் இது. தேய்ந்த ஷாஃப்டைப் பவுடருக்குள் புதைத்து ஏற்ற முடியாது. உங்கள் ஜாப்களுக்கு இதை மறந்துவிடுங்கள்.

இரண்டு, நாசில் வழியாகப் பவுடரை ஊதி லேசரில் உருக்கும் வகை. 2013-இல் டிஎம்ஜி மோரி லேசர்டெக் 65 வந்தது, அடுத்த ஆண்டு மசாக் இன்டெக்ரெக்ஸ் ஐ-400ஏஎம். ஐந்து அச்சு மில்லிங் மெஷினுக்குள்ளேயே லேசர் தலை இருக்கும். மணிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏற்றலாம். இருக்கிற பாகத்தின் மேலேயே ஏற்றலாம் என்பதால் ரிப்பேருக்கு ஏற்றது இதுதான்.

மூன்று, கம்பி வகை. கம்பியை லேசரால் உருக்கலாம், இல்லையென்றால் மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டும் வெல்டிங்) போல ஆர்க்கால் (மின்வில்) உருக்கலாம். ஆர்க்கில் வேகம் அதிகம். 1.2 மி.மீ. ஸ்டீல் கம்பி நிமிடத்துக்கு 6 மீட்டர் போனால் மணிக்கு 3.2 கிலோ. ஆனால் மேற்பரப்பு அலையலையாக வரும், வெட்டுவதற்கு ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 மி.மீ. கூடுதலாக விடணும். பவுடர் லேசரில் அரை முதல் ஒரு மி.மீ. போதும்.

பவுடரின் அளவையும் கவனியுங்கள். படுக்கை வகைக்கு 15 முதல் 45 மைக்ரான், நாசில் வகைக்குத் தோராயமாக 50 முதல் 150 மைக்ரான். விலை குறைவு என்று ஒன்றை வாங்கி மற்றதில் போட்டால் நாசில் அடைக்கும், ஓட்டம் விட்டு விட்டு வரும்.

கோவை_விஎம்சி:
ஜாப்பை ஒருமுறை மாட்டி ஒரே செட்டப்பில் எல்லாம் முடியும் என்பது எல்லா ஜாப்புக்கும் பொருந்தாது. மெஷின் விற்க வருபவர்கள் அந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்கள்.

ஏற்றிய உலோகத்துக்குள் இழுவிசை தேங்கி நிற்கும். அப்படியே ஃபினிஷிங் வெட்டினால் கிளாம்பைக் கழற்றியதும் ஜாப் வளையும். அதனால் கனமாக ஏற்றிய பாகத்தை ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்கு (அந்த இழுவிசையைத் தணிக்கும் சூடாக்கல்) அடுப்பில் வைக்கணும். அடுப்பு மெஷினுக்கு வெளியே இருக்கிறது. கழற்றி, சூடாக்கி, திரும்ப மாட்டி, மறுபடி ஜீரோ (அளவின் தொடக்கப் புள்ளி) எடுக்கணும் என்றால் ஒரே செட்டப் என்ற லாபம் எங்கே போனது?

சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. நீளமுள்ள 316 ஸ்டெயின்லெஸ் பாகம் அறைச் சூட்டைவிட 100 டிகிரி அதிகமாக இருந்தால் கிட்டத்தட்ட 0.48 மி.மீ. நீண்டிருக்கும். ஏற்றி முடித்த கையோடு புரோப் (தொட்டு அளக்கும் ஊசி) வைத்து அளந்து வெட்டினால், ஆறியதும் அளவு குறைந்துதான் நிற்கும். ஆறும் வரை காத்திருக்கணும். அந்த நேரமெல்லாம் கோடிக்கணக்கில் விலையுள்ள ஸ்பிண்டில் சும்மா நிற்கும்.

அப்படியானால் முழு ஹைப்ரிட் எங்கே கட்டுபடியாகும்? முழுதாகக் கட்டிய பிறகு கட்டர் நுழையவே முடியாத இடம் இருந்தால்தான். உதாரணமாக மூடிய இம்பெல்லரின் உள்வழி. பாதி ஏற்றி, உள்ளே வெட்டி, மீதியை ஏற்றி மூடணும். ஏற்றுவதும் வெட்டுவதும் மாறி மாறி வராத ஜாப்புக்கு இரண்டு தனி மெஷின்தான் மலிவு.

மண்டபம்_லேத்:
அண்ணே, இது தெளிவாக இருக்கிறது. அப்போது ஷாஃப்டுக்கு மாறி மாறி வெட்டும் தேவை இல்லை. லேத்தில் ஏற்றும் தலையை மட்டும் மாட்டினால் போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஷாஃப்ட் வேலையைப் படிப்படியாக யாராவது சொல்லுங்கள்.

உலோகம்_படித்தவர்:
எடுத்துக்கொள்ளலாம். 65 மி.மீ. ஷாஃப்ட், 200 மி.மீ. நீளத்துக்குத் தேய்வு என்று வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஷாஃப்ட் என்ன உலோகம் என்று உறுதி செய்யுங்கள். 316 (ஸ்டெயின்லெஸ்) வேறு, இஎன்8 (கார்பன் ஸ்டீல்) வேறு. காந்தம் ஒட்டினால் 316 இல்லை என்று ஓரளவு தெரியும், ஆனால் அதை மட்டும் நம்பாமல் உலோகக் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ பரிசோதனை செய்துவிடுங்கள்.

தேய்ந்த இடத்தைக் கடைந்து 62 மி.மீ. விட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஓரத்திலும் செங்குத்துப் படி விடாமல் 30 முதல் 45 டிகிரி சரிவு கொடுங்கள். படி இருந்தால் அந்த மூலையில் உருகாத கோடு நிற்கும், பின்னால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கடைந்த பிறகு டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். ஸ்டெர்ன் கிளாண்ட் (ஷாஃப்ட் வழியே கடல்நீர் வராமல் அடைக்கும் இடம்) பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டில் ஊசித்துளை அரிப்பு உள்ளே ஓடியிருக்கும். துளைக்கு மேல் ஏற்றினால் உள்ளே அடைபட்ட உப்பும் ஈரமும் வாயுவாகி அடுக்கைக் குமிழியாக்கும். துளை மறையும் வரை கடையுங்கள். ஆழம் அதிகமாகப் போனால் ஷாஃப்டையே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

இஎன்8-இல் கார்பன் 0.40 சதவீதம் அளவுக்கு இருப்பதால் 200 முதல் 250 டிகிரி வரை முன்சூடு வேண்டும். இல்லையென்றால் ஏற்றிய அடுக்குக்குக் கீழே கடினமான, உடையும் பட்டை உருவாகும். 316-க்கு முன்சூடு வேண்டாம். ஆனால் அடுக்குக்கு அடுக்கு சூடு 150 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை பொறுக்கணும்.

62-இலிருந்து 66 மி.மீ. வரை ஏற்றி 65-க்குக் கடையப் போகிறோம். குறுக்குவெட்டு 402 சதுர மி.மீ., நீளம் 200, ஆக 80 கன செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். எடை சுமார் 640 கிராம். பவுடரில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்டாமல் சிதறும் என்று கொண்டால் 800 கிராம் வேண்டும். மணிக்கு அரைக் கிலோ வேகத்தில் ஏற்றும் நேரம் 1 மணி 20 நிமிடத்துக்குள். ஆறும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் வேலை.

என்ன உலோகத்தை ஏற்றுவது என்பதுதான் இந்தக் கடலில் முக்கியம். குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் அரிப்பு எதிர்ப்பு எண் 316எல்-க்கு 24 அளவில், 2205 டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸுக்கு 35 அளவில், இன்கோனல் 625 என்ற நிக்கல் கலவைக்கு 50 அளவில் வரும். 316 மேல் 316 ஏற்றினால் அரித்த இடம் மறுபடி அரிக்கத் தொடங்கும். 625 ஏற்றினால் நீண்ட காலம் தாங்கும், ஆனால் பவுடர் விலையும் கடையும் நேரமும் ஏறும். 625-ஐக் கார்பைடு கட்டரில் நிமிடத்துக்கு 30 முதல் 40 மீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். முதல் அடுக்கில் அடி உலோகம் கலந்துவிடும் என்பதால் இரண்டு அடுக்காவது ஏற்றணும், ஃபினிஷிங்கில் மேல் அடுக்குக்குள்ளேயே நிற்கணும்.

கடைசியில் வி பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்து டயல் (நுண்ணளவு காட்டும் கருவி) ஓட்டி நேர்மை பாருங்கள். ஏற்றும்போது ஒரே பக்கமாகப் போகாமல் ஷாஃப்ட் சுழலச் சுருளாகப் போனால் வளைவு குறையும்.

தொண்டி_வெல்டிங்:
ஷாஃப்ட் சரி ஐயா. ப்ரொப்பல்லருக்கு லேசர் பக்கம் போகாதீங்க. காரணம் சொல்றேன்.

நம்ம படகுகளில் வருவது பெரும்பாலும் துத்தநாகம் கலந்த மாங்கனீஸ் வெண்கலம், இல்லைன்னா அலுமினிய வெண்கலம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்குது. செம்பு உருகவே 1,085 வேணும். லேசர் குவியும் இடத்தில் துத்தநாகம் ஆவியாகி வெள்ளைப் புகையாக் கிளம்பும், ஏத்தின உலோகம் பஞ்சு மாதிரி ஓட்டை விழும், லென்ஸ் மூடியும் பாழாகும். போதாக்குறைக்குச் செம்புக் கலவை அகச்சிவப்பு லேசரைத் திருப்பி அடிக்கும். பச்சை, நீல லேசர் தலைகள் வந்திருக்கு, ஆனா அதுக்குத் தனி முதலீடு.

வெண்கலத்துக்கு ஆர்க்கும் அலுமினிய வெண்கலக் கம்பியும்தான். வகைப்பாட்டு சங்கங்களின் (கப்பல்களுக்குத் தரச் சான்று தரும் அமைப்புகள்) பொது விதியில் மாங்கனீஸ் வெண்கலத்துக்குக் குறைந்தது 150 டிகிரி முன்சூடு, அடுக்கு இடைச்சூடு 300-ஐத் தாண்டக்கூடாது, வேலை முடிஞ்சதும் 350 முதல் 500 டிகிரியில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங். அதைச் செய்யாம கடலில் விட்டா, தேங்கின இழுவிசையும் உப்புநீரும் சேர்ந்து இதழைப் பிளக்கும். நிக்கல் அலுமினிய வெண்கலத்துக்கு 50 டிகிரி முன்சூடு போதும், இடைச்சூடு 250 வரை.

எந்த இடத்தில் ஏத்துறோம்ங்கறது இன்னும் முக்கியம். நீரைத் தள்ளும் முகத்தில் இதழ் வேர்லேர்ந்து ப்ரொப்பல்லர் ஆரத்தில் 0.4 பங்கு வரைக்கும் வெல்டிங் கூடாத பகுதி. சின்னப் படகுக்கு அந்த விதி சட்டமா இல்லாட்டியும் நாம மதிக்கணும். அங்கே இதழ் முறிஞ்சா நடுக்கடலில் எஞ்சின் இருந்தும் படகு நகராது.

அடுக்கும்_வெட்டும்:
தொண்டி நண்பர் சொன்னதோடு ஒன்று. ஆர்க்கில் முழு ப்ரொப்பல்லரையே கட்டியதும் உண்டு. 2017-இல் ராட்டர்டாமில் ராம்லேப் என்ற ஆய்வகம் டாமென் கப்பல் கட்டுநருக்காக 1,350 மி.மீ. விட்டமுள்ள ப்ரொப்பல்லரை நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் 298 அடுக்காக ஏற்றியது. வகைப்பாட்டு சங்கமான பீரோ வெரிட்டாஸ் சான்றளித்தது. ரோபோ கையால் ஏற்றியது ராட்டர்டாமில், சிஎன்சி மில்லிங் நடந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். இரண்டும் ஒரே மெஷின் இல்லை. கோவை நண்பரின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

நம் விசைப்படகு அளவுக்கு வார்ப்படம்தான் மலிவு. புதிதாகக் கட்டுவதில் பலன் இல்லை, விளிம்பு ஏற்றுவதில் இருக்கிறது.

கீழக்கரை_ஏசி:
உப்புக் காற்றில் லேசர் தாங்குமா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை. கடற்கரையில் லேசர் தலை சாவது பெரும்பாலும் உப்பால் இல்லை, பனித்துளியால்.

வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) 28 டிகிரி. லேசரின் சில்லர் (குளிர்நீர் கருவி) தண்ணீரை 22 முதல் 25 டிகிரியில் ஓட்டும். அந்தத் தண்ணீர் ஓடும் தலை, ஃபைபர் இணைப்பு எல்லாம் பனிநிலைக்குக் கீழே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படியும். லேசரை ஆன் செய்ததும் கண்ணாடியில் பொட்டு எரியும். பொட்டு அடுத்தடுத்துப் பெரிதாகும்.

செய்ய வேண்டியது: தடுப்புச் சுவருள்ள தனி அறை, 26 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். அப்போது பனிநிலை 15 டிகிரிக்கு இறங்கிவிடும். கரண்ட் போய் ஏசி நின்றால் லேசரும் சில்லரும் சேர்ந்து நிற்கும்படி இன்டர்லாக் (தானாக நிறுத்தும் இணைப்பு) கொடுங்கள். கரண்ட் வந்ததும் முதலில் ஏசி, ஈரம் இறங்கிய பிறகு சில்லர், கடைசியில் லேசர். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கண்ட்ரோல் பேனல் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கதவைத் திறந்து வைக்காதீர்கள். வெளிக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்த டிரைவ் கார்டுகள் மேல் தண்ணீராகும்.

பவுடரும் அதே கதைதான். ஈரம் ஏறிய பவுடர் ஓடாது, ஓடினாலும் ஹைட்ரஜன் துளை விடும். திறந்த டப்பாவை அப்படியே மூடி வைக்காமல் வெற்றிட அடுப்பில் 80 முதல் 100 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள்.

புதிய பாம்பன் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டதற்கு இந்தக் காற்றுதான் காரணம். சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) கடல் அரிப்பு ஆய்வு நிலையம் மண்டபத்தில் இருப்பதும் அதனால்தான். மெஷின் கொட்டேஷனோடு அறையின் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கோவை_விஎம்சி:
அந்த அறைக்குள்ளே கூலண்டையும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்திரவம்) கவனியுங்கள். வெட்டிவிட்டு மறுபடி ஏற்றுவதாக இருந்தால் வெட்டும்போது கூலண்ட் கூடாது. எண்ணெய்ப் படலம் ஒட்டிய இடத்தில் ஏற்றினால் துளைதான். உலர் கட்டிங், இல்லையென்றால் காற்று ஊதல். சிப்ஸும் ஒட்டாத பவுடரும் கலந்தால் அந்தப் பவுடரைச் சலித்தாலும் திரும்பப் போடாதீர்கள். ஸ்லைடு (நகரும் பாதை), பால் ஸ்க்ரூ (மேஜையை நகர்த்தும் திருகு) மூடிகளை வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். 100 மைக்ரான் பவுடர் கைடுவேயில் (அந்த நகரும் பாதையில்) புகுந்தால் தேய்ப்புப் பொடி மாதிரி வேலை செய்யும்.

மண்டபம்_லேத்:
அப்போது முதலில் கம்பி ஆர்க் தலையை இருக்கிற விஎம்சி-யில் மாட்டுவது என்று யோசிக்கிறோம். மெஷின் கதவின் ஜன்னல், வெல்டிங் எர்த் இதில் என்ன ஆபத்து?

தொண்டி_வெல்டிங்:
எர்த்தில்தான் தம்பி பெரிய ஆபத்து. வெல்டிங் கரண்ட் எப்பவும் சுலபமான வழியைத் தேடும். எர்த் கிளாம்பை மெஷின் பாடியில் போட்டா கரண்ட் மேஜை, பால் ஸ்க்ரூ, பேரிங் வழியாத் திரும்பும். பேரிங் உருளைகளில் சின்னச் சின்னக் குழி விழும், கொஞ்ச நாளில் சத்தம் வரும். ஜாப் மாட்டின தட்டுக்கும் விஎம்சி மேஜைக்கும் நடுவில் 10 மி.மீ. பேக்கலைட் தகடு, போல்ட்டுக்கும் காப்பு வாஷர். எர்த் கிளாம்ப் நேரா ஜாப் தட்டில். துப்பாக்கியைத் தாங்கும் பிராக்கெட்டும் காப்போட இருக்கணும். மாட்டினதும் மல்டிமீட்டர் வைச்சுத் தட்டுக்கும் மேஜைக்கும் தொடர்பு இல்லைன்னு பார்த்துட்டுத்தான் ஆர்க் அடிக்கணும். ஒவ்வொரு ஜாப்புக்கும் பாக்கணும், ஏன்னா ஒரு சிப் இடையில விழுந்தாலே தொடர்பு வந்துடும்.

டிக் வெல்டிங்கின் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் அடிக்கும் வகை) உயர் அதிர்வெண் தொடக்கம் வேண்டாம். கண்ட்ரோலர் போயிடும். மிக் வகைதான் பாதுகாப்பு.

அடுக்கும்_வெட்டும்:
ஜன்னலைப் பொறுத்தவரை, ஆர்க்குக்கு வெல்டிங் திரை போதும். பின்னால் லேசர் தலை மாட்டினால் விஎம்சி கதவில் இருக்கும் பாலிகார்பனேட் ஜன்னலை நம்பவே கூடாது. 1,070 நானோமீட்டர் லேசர் அதன் வழியாக வெளியே வரும், கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையைச் சுடும். ஜன்னலைத் தகடால் அடைத்து உள்ளே கேமரா வையுங்கள், கதவுக்கு இன்டர்லாக் கொடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேம்_நிரலர்:
புரோகிராமிங் பக்கம் அடிக்கடி தவறுவது மூன்று இடம்.

மூலையில் மெஷின் தானாக வேகம் குறைக்கும், ஆனால் பவுடரும் லேசரும் அதே அளவில் கொட்டிக்கொண்டிருக்கும். மூலை வீங்கும், பத்து அடுக்கில் மேடு நாசிலைத் தொடும். உண்மையான ஃபீட்டுக்கு (தலை நகரும் வேகம்) ஏற்ப லேசர் பவரைக் குறைக்கும் வசதி கண்ட்ரோலரில் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

பவுடர் ஃபீடரிலிருந்து நாசிலுக்கு வர சில வினாடி ஆகும். அதனால் பவுடர் ஆன் கட்டளை முன்னால், லேசர் பின்னால்.

ஒவ்வொரு அடுக்கும் ஒரே இடத்தில் தொடங்கினால் அங்கே மேடும் முடிவில் பள்ளமும் வரும். தொடக்கத்தை அடுக்குக்கு அடுக்கு மாற்றுங்கள். கோட்டுக்குக் கோடு இடைவெளி, கோட்டு அகலத்தில் 0.7 அளவில் வையுங்கள். அதைவிட அகலமானால் நடுவில் பள்ளம், அடுத்த அடுக்கில் அது மூடாமல் ஓட்டையாக நிற்கும்.

கணக்கு_கீழக்கரை:
பணத்தை ஒரு கோடி முதலீட்டுக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு உங்கள் கொட்டேஷனால் பெருக்கிக்கொள்ளலாம். 10 சதவீத வட்டி 10 லட்சம், எட்டு ஆண்டுத் தேய்மானம் 12.5 லட்சம், ஆக ஆண்டுக்கு 22.5 லட்சம். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 1,125 ரூபாய். ஆனால் நம் பக்கம் வேலை குவிவது மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாளைக்குப் பத்து மணி என்று 600 மணி நேரம் மட்டும் ஓடினால் மணிக்கு 3,750 ரூபாய். ஆர்கான், பவுடர், கரண்ட், ஆபரேட்டர் சம்பளம் இதில் இல்லை.

ஆர்கானுக்கும் கணக்கு இருக்கிறது. 47 லிட்டர் சிலிண்டர் 150 பாரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தடைக்காலத்தில் மதுரையிலிருந்து வண்டி வரத் தாமதமானால் மெஷின் நிற்கும், எனவே இருப்பு வையுங்கள். மீதி பத்து மாதத்துக்கு உப்பள பம்ப், மோல்டு, விவசாய இயந்திரம் என்று வேறு வேலை பிடிக்காமல் முழு ஹைப்ரிட்டில் இறங்குவது கடனில்தான் முடியும்.

அடுக்கும்_வெட்டும்:
கணக்கு சரி. ஆனால் இந்தச் சந்தை வளருவது முழு மெஷினில் மட்டும் இல்லை. தனியாக விற்கும் ஏற்றும் தலைகளும் வளருகின்றன. ஸ்பெயினின் மெல்டியோ கம்பி லேசர் தலையை இருக்கிற சிஎன்சி-யில் மாட்டும்படி விற்கிறது. நம் நாட்டிலேயே மும்பை ஐஐடி-யில் பேராசிரியர் கே.பி. கருணாகரன் குழு மில்லிங் மெஷினில் வெல்டிங் துப்பாக்கியைப் பொருத்தி ஹைப்ரிட் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய மின்னணு அமைச்சகம் அடுக்கு உற்பத்திக்கான தேசிய உத்தியை வெளியிட்டது. உலகச் சந்தையில் இந்தியாவின் பங்கை 5 சதவீதமாக்குவது அப்போது அதன் இலக்குகளில் ஒன்றாக இருந்தது. பெரிய மெஷினைப் பெரிய நிறுவனங்கள் வாங்கட்டும். சிறு பட்டறை தலையை மாட்டிப் பழகினால் இந்தக் கடற்கரையின் ரிப்பேர் வேலை வெளியூருக்குப் போகாது.

வழுதூர் எரிவாயு மின்நிலையம் அருகில் இருக்கிறதே, டர்பைன் பிளேடு நுனி ஏற்றும் வேலை கிடைக்காதா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். அந்த வேலைக்குத் தயாரிப்பாளரின் ஒப்புதல் பெற்ற கூடங்கள் வேண்டும். முதல் ஆண்டுத் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

மண்டபம்_லேத்:
நன்றி. ஷாஃப்டுக்கு லேத்தில், ப்ரொப்பல்லர் விளிம்புக்கு விஎம்சி-யில், இரண்டுக்கும் ஆர்க் தலை என்று தொடங்குகிறோம். முதல் ஜாப்புக்கு முன் என்ன சோதனை?

உலோகம்_படித்தவர்:
படகுக்காரர் ஷாஃப்டில் சோதனை வேண்டாம். அதே உலோகத்தில் அதே விட்டத்தில் 150 மி.மீ. துண்டு எடுத்து, லேசருக்குச் சொன்ன சரிவு, முன்சூடு, இடைச்சூடு மாறாமல் ஏற்றுங்கள். ஆர்க்கில் கடையும் இடமும் 3 மி.மீ. வரை விடணும், அடி உலோகமும் அதிகமாகக் கலக்கும், அதனால் மூன்று அடுக்கு வையுங்கள். குறுக்கே அறுத்து, 1200 கிரிட் வரை தேய்த்து, எட்ச் செய்து (அமிலம் தடவி) பாருங்கள். ஏற்றியதும் அடியும் சேரும் கோட்டில் கருப்பு இடைவெளி இருந்தால் கரண்ட் போதவில்லை. கோட்டுக்குக் கீழே கடினத்தன்மை 350 விக்கர்ஸைத் தாண்டினால் இஎன்8-க்கு முன்சூடு போதவில்லை. இன்னொரு துண்டை வளைத்துப் பாருங்கள், ஏற்றிய பக்கம் வெளியே இருக்கும்படி. இரண்டும் தேறிய அளவுகளை எழுதி மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கம்பி மாற்றினாலோ விட்டம் மாறினாலோ மறுபடி ஒரு துண்டு.